டேசியின் குளிர்காலம்

டேசியின் முதுகில் கை வைத்ததும், யாரோ அதற்குக் கம்பளி போர்த்திவிட்டிருக்கிறார்கள் என்றுதான் சாரதாம்பாள் நினைத்தாள். விடிந்துகொண்டிருந்த நேரம். லாயத்துக்குள் வெளிச்சம் இன்னும் வந்து சேரவில்லை. நனைந்த வைக்கோலும் லத்தியும் தவிட்டுக் கஞ்சியும் கலந்த பழகிய வாசனைக்கு நடுவே, குதிரை வாலை வீசிக் கொசு ஓட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கம்பளியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று கையால் தடவிக்கொண்டே போனாள். விலாவுக்குப் போனாள், வயிற்றுக்குப் போனாள், பின்தொடை வரைக்கும் போனாள். ஓரம் வரவில்லை. எல்லாமே ரோமம். முதல் நாள் சாயங்காலம் பிரஷ் போட்டபோது துலக்கிய செம்பு மாதிரி வழுக்கிய உடம்பில், விரல் கணு புதைகிற அளவுக்கு ரோமம்.

அது ஜூன் மாதம். மழை தவறிப்போய், காஜா பெராங் சாலையில் தார் இளகிச் சைக்கிள் டயர்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. மனிதர்களே சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த வெயில்.

"ஏங்க!" என்று கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்க. குதிரைக்கு என்னமோ ஆயிருக்கு."

நல்லையா காப்பிக் குவளையோடு வந்தார். குதிரையின் கழுத்துக்குள் விரல்களை விட்டுக் கோதிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஊரு ஞாபகம் வந்திருச்சு இதுக்கு. இப்ப அதோட ஊர்ல குளிரு. துரை சொல்லியிருக்காரு, அங்க எல்லாம் தலைகீழாம்."

டேசி ஆஸ்திரேலியாவின் தென்கோடியிலிருந்து அந்த வருஷத் தொடக்கத்தில் கப்பலில் வந்த பெண் குதிரை. வாங்கியவர் பெரிய பங்களாத் துரை. நாடு சுதந்திரம் வாங்கப்போகிறது என்றானதும் அவர் பங்களாவை டவுனில் இருந்த ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, "நீயே வைத்துக்கொள்" என்று டேசியின் கயிற்றைக் குதிரைக்காரர் நல்லையாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். புதிதாக வாங்கியவருக்குப் பங்களாவை இடித்துக் கட்டுகிற யோசனை. அதுவரைக்கும் லாயத்தை ஒட்டியிருந்த அறையில் நல்லையாவும் சாரதாம்பாளும் இருந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

அந்த அறை சாரதாம்பாளுக்குச் சின்ன விஷயமில்லை. ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் கேட்கிற வீட்டில் வளர்ந்தவள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவும், தனக்கென்று ஒரு தண்ணீர்க் குழாயும் அவளுக்குக் கிடைத்தது இங்கேதான். அவள் அதை அறை என்று சொல்லமாட்டாள். வீடு என்றுதான் சொல்வாள்.

அரசாங்க மிருக வைத்தியர் கலியாணசுந்தரம் அந்த வாரமே வந்து பார்த்தார். நிதானமான மனிதர். குதிரையின் காதைத் தொட்டுப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், விலாவில் காதை வைத்துக் கேட்டார்.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. உடம்பு பழைய பழக்கத்த விடாது. புதுசா வந்த குதிரைங்களுக்கு மொத வருசம் இப்படி ஆகறதுண்டு. அங்க குளிர் காலத்துல இந்த ரோமம் எழுந்து நிக்கும், நடுவுல காத்தப் புடிச்சி வெச்சுக்கும். முதுகு மேல பனி விழுந்தா அப்படியே கெடக்கும், உருகாது. அந்த அளவுக்கு உள்சூட்ட வெளிய விடாது."

"இங்க எங்கங்க பனி?" என்றாள் சாரதாம்பாள்.

"அதான் தொல்லை. இந்த வெயில்ல இதுக்கு வேர்க்கணும். வேர்க்கலையே, பாருங்க." குதிரையின் கழுத்தடியில் கையை வைத்து எடுத்து உள்ளங்கையைக் காட்டினார். காய்ந்திருந்தது. "சூடு உள்ளயே தங்கிட்டா செத்துப்போகும். மொத்தமா கத்தரிச்சிடுங்க. ரெண்டு மாசத்துல தானா சரியாயிடும்."

அன்று மத்தியானம் முழுக்க இருவரும் கத்தரித்தார்கள். நல்லையா துரை விட்டுப்போன கைமெஷினைப் பிடித்தார். அவள் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். மெஷின் 'கிரிச் கிரிச்' என்று போகப் போக, எலி நிறத்தில் கற்றை கற்றையாக விழுந்தது. அது அவர்கள் இருவரின் முழங்காலுக்கும் மேலே குவிந்தது. குதிரை அசையவேயில்லை. தலையைத் தொங்கப்போட்டு, யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்பதைப் போல் ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பிவைத்திருந்தது. கத்தரித்து முடித்தபோது பழைய டேசி நின்றது, சிவப்பாக, மெலிந்து, விலா எலும்புகள் தெரிய. ரோமத்தைச் சாக்கில் கட்டி, கொல்லையில் ரம்புத்தான் மரத்தடியில் கொட்டினாள்.

மறுநாள் காலை மரத்தடியில் புல் கறுத்துப்போயிருந்தது. எரிந்த கறுப்பு இல்லை. கீரையை நீரில் போட்டு அழுகவிட்டது போல ஒரு கறுப்பு, ரோமம் கிடந்த இடத்தின் அளவுக்கு மட்டும்.

லாயத்தில் டேசி முழு ரோமத்தோடு நின்றது. நேற்றைவிட நீளமாக.

நல்லையா அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "குளிருதுபோல இருக்கு அதுக்கு. விட்டுடு சாரதா," என்றார்.

அவள் விடவில்லை. அடுத்த நாளும் கத்தரித்தாள். அதற்கு அடுத்த நாளும். கட்டைவிரலில் கொப்புளம் கட்டி உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு கத்தரித்தாள். ஒவ்வொரு விடியலிலும் அது திரும்ப வந்திருந்தது.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய் எடுத்தாள். சீசா லாயத்துச் சுவரை ஒட்டிய மாடத்தில் இருந்தது. கவிழ்த்தால் எண்ணெய் வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே அது வெள்ளையாக, மெழுகுபோல இறுகியிருந்தது. பிறந்ததிலிருந்து இந்த நாட்டில் தேங்காய் எண்ணெயை அவள் அப்படிப் பார்த்ததில்லை. வெயிலில் கொண்டுபோய் வைத்தாள். வெளியே நடு மத்தியானம். வெயில் தலையைப் பிளந்துகொண்டிருந்தது. கம்போங் செட்டிக் குடியிருப்புப் பக்கம் ஒரு சேவல் வேளைகெட்டுக் கூவியது. எண்ணெய் மெல்லக் கலங்கி, உருகி, பழையபடி ஆயிற்று. சீசாவை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கல்லைத் தொட்டது போல இல்லை. வெகுநேரம் தண்ணீரில் கிடந்த ஒரு உடம்பைத் தொட்டது போல இருந்தது.

அன்று சாயங்காலம் பார்த்தாள். டேசி மூச்சுவிட்டபோது அதன் மூக்கிலிருந்து புகை வந்தது.

நல்லையா குதிரையின் விலாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. அவர் முகத்தில் அவள் வெகு காலமாகப் பார்க்காத ஓர் ஆறுதல் இருந்தது.

"எழுந்து வாங்க. சாப்பிடுங்க."

"இங்க உக்காரு சாரதா. கதகதன்னு இருக்கு பாரு."

ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. செய்தியே வராமல் காலம் போனபோது, லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தாலியைக் கழற்றினார்கள். அவளையும் கழற்றச் சொன்னார்கள். "பொணத்த யாரு பாத்தீங்க? பாத்தவங்க வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்," என்று அவள் வாசலில் நின்று கத்தியதைத் தோட்டமே கேட்டது. சண்டை முடிந்த பிறகு ஒரு லோரியிலிருந்து அவரை எலும்பாக இறக்கிவிட்டார்கள். அவர் வந்துவிட்டார். ஆனால் குளிரும் கூடவே வந்தது. எந்த வெயிலிலும் திடீரென்று பல் கிட்டி உடம்பு உதறும். எத்தனை சாக்கைப் போட்டாலும் அடங்காது. அவளே மேலே படுத்து அழுத்திப் பிடித்துக்கொள்வாள்.

இப்போது அந்த உதறல் நின்றிருந்தது. டேசியின்மேல் சாய ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. அதனால்தான் அவளால் முதலில் வாய் திறக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் சாய்ந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். நல்லதுதானே என்றுகூட நினைத்தாள்.

கொஞ்ச நேரம் பகல் முழுக்க ஆனது. பிறகு படுக்கையும் அங்கேயே ஆனது. கொண்டுபோய் வைத்த சோறு தட்டிலேயே விறைத்துப்போனது. அடுப்படியில் அவள் வேர்வையில் நனைந்து நிற்கும்போது அவர் பக்கத்தில் காய்ந்த தோலோடு நின்றார். நெற்றியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பேசினால் குரல் அமுங்கி வந்தது, வாயில் துணி அடைத்தவர் பேசுவதைப் போல.

கம்போங் செட்டியில் இருந்த அலமேலுவுக்கு ரோஜாச் செடிகளுக்குக் குதிரை லத்தி வேண்டும். அடிக்கடி வந்து வாளியில் அள்ளிக்கொண்டு போவாள். வெறுங்கையோடு வரமாட்டாள், ஒரு தட்டில் குவே பலகாரம் இருக்கும். பல தலைமுறைக்கு முன்னாலேயே இங்கே வந்து குடியேறிய குடும்பம்; பெயர்தான் தமிழ்ப் பெயரே தவிர, அவளுக்கு வாயில் வருவதெல்லாம் மலாய். நடுநடுவே சாமி, பூசை என்று நம் சொற்கள் விழும். அந்தத் தடவை அவள் லாயத்து வாசலில் வந்து வாளியைக் கீழே வைத்தவள், உள்ளே காலை வைக்கவில்லை. இரண்டு கைகளாலும் தன் தோள்களைக் கட்டிக்கொண்டாள்.

"சிஜோக்லா, சாரதா." குளிருகிறது என்றாள்.

டேசி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. நெற்றி ரோமம் கண்களை மூடியிருந்தது. கண்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. ஆனாலும் பார்த்தது.

அலமேலு வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். சாரதாம்பாளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "மாரி ரூமா," என்றாள், வீட்டுக்கு வந்துவிடு என்று. தன் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, புருஷனையும் கூட்டிக்கொண்டு இப்போதே வா, சாமானை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று மலாயில் மூச்சுவிடாமல் சொன்னாள்.

சாரதாம்பாள் கையை விடுவித்துக்கொண்டாள். "இதான் என் வீடு," என்று அவளுக்குப் புரிகிற மொழியிலேயே சொன்னாள். "போகணும்னா அதுதான் போகணும். நான் ஏன் போகணும்?"

அலமேலு சாலைக்கு இறங்கி நடந்தாள். போகும்போது திரும்பிப் பார்க்கவுமில்லை.

அதற்குப் பிறகு, போக மறுப்பது எப்படி இருக்கும் என்று டேசி காட்டியது. சாரதாம்பாள் லாயத்துக் கதவை அகலத் திறந்துவைத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வெளியே பச்சைப் புல், வெயில். குதிரை வரவில்லை. திமிறவும் இல்லை. கயிற்றின் மறுமுனையில் எடையே இல்லாதது போல் கழுத்து மட்டும் நீண்டு நீண்டு வந்தது, கால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவள் கயிற்றைக் கீழே போட்டாள். கழுத்து மெல்லச் சுருங்கித் தன் இடத்துக்குப் போயிற்று.

அதன் முதுகின்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு என்று நினைத்து அவள் விரலால் வழித்தாள். பொடிப்பொடியாக, கனமில்லாமல் இருந்தது. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவிலிருந்து, சத்தமே இல்லாமல், அந்த வெள்ளை விழுந்துகொண்டிருந்தது. குதிரை நின்ற இடத்தில் மட்டும்.

அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெயிலில் போய் நின்றாள். அது உருகவில்லை.

கலியாணசுந்தரத்துக்கு ஆள் அனுப்பினாள். அவர் ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் ஒரு காலையில் வந்தார். தோளில் துப்பாக்கி தொங்கியது. நல்லையாவை அதற்குள் அவள் குளிக்கவைக்கிறேன் என்று சொல்லிக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

"எவ்வளவு மெலிஞ்சிருக்குன்னு மொதல்ல பாப்போம்," என்றார் வைத்தியர். "ரோமத்த வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. குண்டா இருக்கற மாதிரிதான் தெரியும்." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, விலாப் பக்கத்தில் விரல்களை உள்ளே விட்டார். எலும்பைத் தேடினார். மணிக்கட்டு மறைந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினார். முழங்கை மறைந்தது.

சாரதாம்பாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாய் மெல்லத் திறந்தது. உள்ளே எதையோ கேட்பவர் போலத் தலையைச் சாய்த்தார். பிறகு ஒரே இழுப்பில் கையை எடுத்துக்கொண்டு, சுவரில் முதுகு இடிக்கும் வரை பின்னால் போனார்.

குழாயைத் திறந்து கையைக் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடியும் கழுவினார். விரல் நுனிகள் வெளுத்து நீலம் பாரித்திருந்தன.

"சுட்டுடுங்க ஐயா," என்றாள் அவள்.

"சுடத்தான் வந்தேன்." அவர் துப்பாக்கியைப் பார்த்தார். "எங்க சுடறதும்மா? எலும்பே கைக்கு வரல. உடம்பே வரல."

"உள்ள என்னதான் இருக்கு?"

அவர் சட்டைக் கையை இறக்கிப் பித்தானைப் போட முயன்றார். விரல் வளையவில்லை. "வித்துடுங்க," என்றார். உடனே, "இல்ல. விக்காதீங்க. யாருக்கும் குடுக்காதீங்க. கதவப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்கயாவது போயிடுங்க. இன்னிக்கே."

அவர் கார் போன பிறகு, அறைக் கதவைத் திறந்தாள். நல்லையா கதவுக்கு அந்தப் பக்கம், கதவில் நெற்றி முட்டும்படி நின்றுகொண்டிருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக லாயத்தைப் பார்த்தார்.

"புக்கிட் ரம்பாய்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போவோம்," என்றாள். "கொஞ்ச நாளைக்கு. உங்களுக்காகத்தான் சொல்றேன். எனக்குப் பயமில்ல."

"அங்க குளிரும்."

"என்னாங்க பேசறீங்க? வெளிய வெயில் கொளுத்துது."

"உனக்குத் தெரியாது சாரதா." அவர் மெல்லச் சிரித்தார். "நம்ம ஆளுங்க எல்லாம் டேசிக்குள்ளதான் இருக்காங்க. சயாம்ல மழையில விட்டுட்டு வந்தோமே, அவங்க. உள்ள நெருக்கமா இருக்கு. அதான் சூடு."

அவள் அவருடைய சட்டையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். "நீங்க உயிரோட வந்தவரு. கேக்குதா? நீங்க வந்துட்டீங்க."

சட்டைக்கு உள்ளே, அவர் மார்பில், எலி நிறத்தில் மெல்லிய பூனைமயிர் முளைத்திருந்தது.

அன்றே அவள் அவரை மழுமழுவென்று மழித்துவிட்டாள். மார்பு, முதுகு, கைகள். அவர் குழந்தைபோல் உட்கார்ந்திருந்தார். அவரைத் தன் இடுப்போடு ஒரு புடவையால் கட்டிக்கொண்டு தூங்கினாள். விழித்தபோது கட்டு அப்படியே இருந்தது. அவரும் இருந்தார். மயிரும் இருந்தது. மறுபடியும் மழித்தாள். ஒவ்வொரு நாளும். லாயத்துக் கதவுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியைப் போட்டுப் பூட்டினாள். சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் குளம்புச் சத்தம் கேட்காது. தீனி போடாமலே நாட்கள் போயின. ஆனால் மூச்சு கேட்டது. ஒரு குதிரையின் மூச்சு இல்லை. கூட்டமாகத் தூங்குகிறவர்களின் மூச்சு.

"கிட," என்று கதவைப் பார்த்துச் சொல்வாள். "உள்ளயே கிட."

சுதந்திர நாள் வந்தது. காலையிலிருந்து டவுன் முழுக்க ஆரவாரம். அலமேலு வீட்டுக் கூரையில் புதுக்கொடி பறந்தது. லோரிகளில் இளைஞர்கள் ஏறிக்கொண்டு மெர்டேக்கா, மெர்டேக்கா என்று மலாயில் விடுதலை முழக்கம் போட்டுக்கொண்டு காஜா பெராங் சாலையில் போனார்கள். சாயங்காலம் நல்லையா அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அடுப்புக்கு விறகு எடுக்கக் கொல்லைக்குப் போனாள். அவ்வளவுதான். ஒரு கட்டு விறகு எடுக்கிற நேரம்.

திரும்பி வந்தபோது படுக்கை காலியாக இருந்தது. லாயத்துப் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கம்பி குறுக்கே இருந்தது. சாவி அவள் கழுத்தில் இருந்தது. கதவின் அடியில், பூனை நுழைகிற அளவு இடுக்கில், அவருடைய சட்டை சிக்கிக்கொண்டிருந்தது. பாதி வெளியே. பாதி உள்ளே.

விறகைக் கீழே போட்டாள். பூட்டைத் திறந்தாள்.

குளிர் முகத்தில் அறைந்தது. தரை முழுக்க வெள்ளை. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. டேசி நடுவில் நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது, கால்கள் தெரியவில்லை. ரோமம் தரை வரைக்கும் தொங்கி, லாயத்தின் இரண்டு சுவர்களையும் தொட்டுக்கொண்டு அகலமாக இருந்தது. தலை எந்தப் பக்கம்? தெரியவில்லை. மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு.

"ஏங்க."

ஓர் அடி உள்ளே வைத்தாள்.

"வாங்க வெளிய."

ரோமம் சிலிர்த்து எழுந்து நின்றது. அவள் நின்ற பக்கம் மட்டும்.

திரும்பி ஓடு என்று அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. கதவு திறந்துதான் இருந்தது. சாலையில் ஜனங்கள். விளக்குகள். அவள் ஆணியில் மாட்டியிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்.

"நீ யாரா இருந்தாலும் சரி," என்றாள். குரல் உடைந்தது. மறுபடியும் சொன்னாள், உடையாமல். "நீங்க எத்தன பேரா இருந்தாலும் சரி. அவரு என் ஆளு. குடுங்க."

கத்தரித்தாள். கற்றை விழுந்தது. பின்னால் இன்னொரு கற்றை. கத்தரித்தாள். அதற்குப் பின்னாலும் ரோமம். விழுந்ததை மிதித்துக்கொண்டு முன்னால் போனாள். தோல் வரவில்லை. எலும்பு வரவில்லை. கத்தரிக்கோலை வலது கையில் வைத்துக்கொண்டு, இடது கையை உள்ளே விட்டாள்.

மணிக்கட்டு. முழங்கை. தோள்.

உள்ளே குளிரவில்லை.

விரல்களை விரித்துத் துழாவினாள். வெறுமை. பிறகு ஒரு கை. அவள் அதைப் பற்றிக்கொண்டாள். சுட்டுவிரலில் நகம் இல்லை; நுனி தட்டையாக இருந்தது. சயாமில் பாறை நசுக்கிய விரல். அவர்தான்.

"புடிச்சுக்குங்க," என்று கத்தினாள். "விடாதீங்க."

அந்தக் கை அவளை இறுகப் பிடித்தது. அவள் தூணில் காலை ஊன்றி இழுத்தாள். வந்தது. ஒரு சாண் வந்தது. அப்போது இன்னொரு கை அவள் மணிக்கட்டைத் தொட்டது. மெதுவாக. ஒன்று முழங்கையில். ஒன்று தோளுக்குக் கீழே. அவை இழுக்கவில்லை. சும்மா தொட்டுக்கொண்டிருந்தன, குளிர் காய்கிறவர்களைப் போல.

சாலையில் ஒரு லோரி போயிற்று. மெர்டேக்கா என்று ஒரு கூட்டமே கத்தியது.

"விடமாட்டேன்," என்று அவளும் கத்தினாள்.

பிடி வழுக்கியது. அவள் கை மட்டும் வெளியே வந்துவிட்டது.

அவள் அதைப் பார்த்தாள். விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும், எலி நிறத்தில், அடர்த்தியாக, எழுந்து நின்ற ரோமம். கதகதவென்று இருந்தது. இதமாக இருந்தது. அந்த இதம் மெல்லக் கழுத்துக்கு ஏறியது. அவளுக்கு அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கத்தரிக்கோலைப் பிடித்து, மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்தாள். சரக், சரக். கற்றைகள் அவள் காலடியில் விழுந்தன. முழங்கையைத் தாண்டினாள். தோளுக்கு வந்தபோது மணிக்கட்டில் திரும்ப முளைத்திருந்தது. கீழே தோல் இருக்கிறதா என்று அவள் பார்க்கவில்லை.

கத்தரிக்கோலைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அந்தக் கையை மறுபடியும் உள்ளே விட்டாள்.

உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.